கிளை இல்லாத கற்கள்

ஐயனாரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். ரோட்டில் குழி அடைத்துக்கொண்டிருந்த ஒருவன் செத்துப்போனால், அடுத்த வாரம் அந்த இடத்தில் இன்னொருவன் குழி அடைப்பான். அவ்வளவுதான். ஆனால் அவனிடம் சொல்லாமல் ஆறு வருஷம் நான் மறைத்து வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. அது ஒரு வேப்பங்கிளையைப் பற்றியது. ஒருவழியாக நான் அதைச் சொன்னபோது கேட்பதற்கு அவன் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் அய்யாத்துரை. என் அப்பா பிழைப்புக்காகத் தெற்கத்திச் சீமையிலிருந்து மண்ணூருக்கு வந்தவர். பெயரை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்து என் தலையில் கட்டினார். மற்றபடி நான் இந்தப் பக்கத்து ஆள்தான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். கார்க்காரன் மேல் வரும், லாரிக்காரன் மேல் வரும், ஹாரன் அடிக்கிற எல்லோர் மேலும் வரும். என் மேல் மட்டும் வந்ததில்லை, அந்த நவம்பர் மாதம் வரைக்கும்.

நானும் ஐயனாரும் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் எட்டு கிலோமீட்டர் எங்கள் பொறுப்பு. குழி அடைப்பது, ஓரத்துப் புதரை வெட்டுவது, சிறுபாலத்தில் அடைத்திருக்கும் குப்பையை வாருவது, கிலோமீட்டர் கல்லுக்கு வர்ணம் அடிப்பது, வண்டி அடித்துப் போட்ட நாயைத் தூக்கிப் புதைப்பது, எல்லாம் எங்கள் வேலை. நடுவில் நாலு வருஷம் அந்த வேலையும் இல்லாமல் இருந்தோம். 2002-ல் எங்களைப் போன்றவர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த நாலு வருஷத்தில் ஐயனார் செங்கல் சூளைக்குப் போனான். நான் கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுத்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் பந்தியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அவன் இலையையும் எடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

திரும்ப வேலைக்கு வந்த அன்று மத்தியானம் ஐயனார் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இன்னாய்யா பண்ற? ஜுரமா பாக்கற?" என்றேன்.

"நம்ம இல்லாதப்போ எவனும் இத்த பாக்கல தொர. எப்பிடி கீது பாரு" என்றான்.

நாங்கள் விட்டுவிட்டுப் போனபோது அது டவுன் பஸ்ஸும் நெல் மூட்டை டிராக்டரும் போன ரோடு. திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கண்டெய்னர் லாரி, கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள வண்டி, ஷிப்டு பஸ் என்று மூச்சு விட இடமில்லை. மழைக்கு மழை அதே இடத்தில் ஒரு குழி விழும். அதற்கு ஐயனார் 'சம்பந்தி' என்று பெயர் வைத்திருந்தான். எத்தனை தரம் அடைத்து அனுப்பினாலும் தீபாவளிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறதாம். சின்னக் குழியாக இருந்தாலும் ஓரங்களைக் கடப்பாரையால் சதுரமாக வெட்டி, உள்ளே துடைப்பத்தால் பெருக்கி, அப்புறம்தான் தார் ஊற்றுவான். நான் அப்படியே ஜல்லியைக் கொட்டி மிதித்துவிட்டுப் போகிற ஆள். என்னோடது ஒரு மாதம் தாங்கும், அவனோடது ஒரு வருஷம் தாங்கும்.

அவனுடைய முக்கியமான வேலை, யாரும் அவனுக்குக் கொடுக்காத வேலை. தினமும் காலை ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டரும் போய் வருவான். ரோட்டில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போடுவான். லாரி நடுவழியில் பழுதாகி நின்றால், பின்னால் வருகிறவன் இடிக்காமல் இருக்க டிரைவர் பெரிய பெரிய கல்லாகக் கொண்டுவந்து சுற்றிலும் வைப்பான். பழுது பார்த்ததும் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். ஒரு டிரைவராவது இறங்கி எடுத்துப் போட்டதாக என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. நைட் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வரும் பிள்ளைகள் அந்தக் கல்லில் ஏறி விழுவார்கள். ஐயனார் அதற்காகத்தான் போனான்.

ஆனால் நாங்களும் கல் வைப்போம். குழி பெரிதாக விழுந்து உடனே அடைக்க முடியாவிட்டால் சுற்றிலும் கல் வைத்து மறிப்போம். எது எங்கள் கல், எது லாரிக் கல் என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஐயனார்தான் ஒரு முறை வைத்தான். நாங்கள் கல் வைத்தால் நடுவில் ஒரு வேப்பங்கிளையை இலையோடு நட்டுவிட வேண்டும். கிளை இருந்தால் நம் கல், தொடக் கூடாது. கிளை இல்லாவிட்டால் லாரிக் கல், எடுத்துப் போடலாம். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த சட்டம் அது. அதை எழுதி வைக்கத் தேவை இருக்கவில்லை.

ஐயனாருக்குக் கண் அவ்வளவு கூர்மை. பர்லாங் தூரத்தில் கிடப்பது கல்லா காகமா என்று சொல்லிவிடுவான். 2008-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கண் முகாமுக்கு எங்களை அழைத்துப் போனார்கள். எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அவனைப் பார்த்த டாக்டர், இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்று கேட்டிருக்கிறார். அன்றே கண் தான அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். சட்டைப் பையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அவன் அடித்த அலட்டல் தாங்க முடியவில்லை.

"நான் போனாலும் என் கண்ணு இந்த ரோட்ட பாத்துகினே இருக்கும்" என்பான்.

"ஆமா, பாத்து பாத்து அங்கியும் கல்லு பொறுக்கும்" என்பேன். அவன் மனைவி கனகம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

2009 நவம்பர். மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலம் நான் மட்டும் ரோட்டில் இருந்தேன். ஏரியில் மிஞ்சிய தண்ணீர் வழியும் கலங்கலுக்கு அருகில் இருந்த சிறுபாலத்தை ஒட்டி ரோடு உள்வாங்கியிருந்தது. இடுப்பளவு ஆழம். அந்தப் பக்கம் கிடந்த கற்களை உருட்டிக்கொண்டு வந்து சுற்றிலும் வைத்தேன். ஏழு கல். கிளை வைக்க வேண்டும். வேப்பமரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கத்தி, சாமான் வைக்கும் எங்கள் ஷெட்டில் இருந்தது. மழை முகத்தில் அறைந்தது. காலையிலிருந்து ஈரத்துணியோடு நின்றதில் உடம்பு நடுங்கியது. இந்த மழையில் கிளை ஒன்றுதான் குறைச்சல் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். ஐயனாருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்கு ஐயனார் அங்கே வந்திருக்கிறான். மழை நின்றிருந்தது. குழியில் தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு நிரம்பி, மற்ற இடங்களில் தேங்கிய தண்ணீரைப் போலவே இருந்திருக்கிறது. அதே இடத்துக்குப் பக்கத்தில் முந்தாநாள் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றதை அவனே பார்த்திருந்தான். ஏழு கல் இருந்தது, கிளை இல்லை. இறங்கி ஏழையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அரைமணி நேரத்தில் ஒரு பையன் பைக்கில் வந்து அந்தத் தண்ணீருக்குள் இறங்கினான். உச்சிமாகாளி என்று பெயர். இருபத்திரண்டு வயது. திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு முடித்துவிட்டு, மூன்று பேரோடு வாடகைக்கு இருந்த அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ரோடு இன்ஸ்பெக்டர் வந்தார். குழி இருந்தது யாருக்குத் தெரியும், கல் வைத்தது யார், எடுத்தது யார் என்று கேட்டார். ஐயனார் என் பக்கத்தில் நின்றான். ஓரத்தில் கிடந்த ஏழு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் நேத்து சாயந்தரமே கல்லு வெச்சேன் சார். கிளையும் வெச்சேன்."

ஐயனார் என்னைத் திரும்பிப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"கிளை வெச்சியா தொர?"

"வெச்சேன்யா."

"அப்போ நான்தான் சார் பாக்கல" என்றான் இன்ஸ்பெக்டரிடம். பையனைத் தூக்க வந்த கூட்டத்தில் கிளை மிதிபட்டுப் போயிருக்கும் என்று யாரும் அதைத் தேடவில்லை.

அந்த நேரத்தில் எனக்குப் பையன் நினைவில்லை, ஐயனாரும் நினைவில்லை. கல்யாண மண்டபமும் எச்சில் இலையும்தான் நினைவில் இருந்தது. இன்னொரு தரம் வேலை போனால் பிழைக்க மாட்டேன் என்று தோன்றியது. இது சமாதானம் இல்லை. நான் கோழை, அவ்வளவுதான்.

ஐயனாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தவறு என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு மாதம் சஸ்பெண்டு ஆனான். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, பையனின் அம்மா தங்கமாரி வந்தாள். மகனுடைய துணிமணிகளை அறையிலிருந்து எடுத்துப்போக வந்தவள், அவன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள். அறைப் பையன்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குழியை அடைத்துக்கொண்டிருந்தேன். சஸ்பெண்டில் இருந்த ஐயனாரும் சும்மா இருக்க முடியாமல் வந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்பதற்கு முன்பே இவன் போய் அவள் முன்னால் நின்றான்.

"அம்மா, இங்க கல்லு வெச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துட்டேன். கிளையும் வெச்சிருந்தாங்களாம், என் கண்ணுல படல. என்ன இன்னா வேணா பண்ணிக்கம்மா."

அவள் அவன் அருகில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நீங்க வேணும்னேவா செஞ்சிய? கல்லு கெடந்தா இன்னொருத்தி பிள்ள விழும்னுதான எடுத்திய" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இனிமே ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்து எடுங்கய்யா" என்றாள்.

நான் இரண்டடி தள்ளி, கையில் தார்ச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். கிளை வைக்கவில்லை என்ற ஒரு வார்த்தை. குனிந்து ஜல்லியைக் கொட்டினேன்.

சஸ்பெண்டு முடிந்து வந்த ஐயனார் வேறு ஆளாக இருந்தான். காலைச் சைக்கிளை நிறுத்தவில்லை. ஆனால் ரோட்டில் கல்லைப் பார்த்தால் தானாக எடுக்க மாட்டான். சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று எனக்குப் போன் போடுவான்.

"தொர, ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ. எனக்குக் கிளை எதுவும் தெரியல. கீதா இல்லியான்னு நீ சொல்லு."

தினமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம். நான் முணுமுணுத்துக்கொண்டே போவேன். போய் நின்று, "ஒண்ணும் இல்லய்யா, லாரிக் கல்லுதான்" என்பேன். அதற்கப்புறம்தான் தொடுவான். மற்ற ஆட்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். ஐயனாருக்கு ரெண்டு கண்ணு பத்தாது, தொர கண்ணையும் சேத்து நாலு கண்ணு வேணும் என்றார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவன் கண்ணைக் காட்டுவதற்கு ஊர் ஊராக அலைந்தான். முதலில் ஸ்ரீபெரும்புதூர், பிறகு வாலாஜாபாத்தில் ஒரு முகாம், கடைசியில் காஞ்சிபுரம். மூன்று இடத்துக்கும் நான்தான் துணைக்குப் போனேன். மூன்று இடத்திலும் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். காஞ்சிபுரத்தில் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணுல கோளாறுன்னு சொல்லியிருந்தா நிம்மதியா பூட்டிருக்கும் தொர. கண்ணு நல்லா கீதுன்னா, நான் கிளைய பாத்துட்டே எடுத்திருக்கேன்னு அர்த்தம். அவ்ளோ திமிரா நான் இருந்திருக்கேன்?"

"யோவ், அதெல்லாம் ஒண்ணும் இல்லய்யா" என்று ஆரம்பித்தேன். நாக்கு நுனியில் இருந்தது. "ஐயனாரு, அன்னிக்கு மழையில..." என்றேன்.

"மழையில நீ நனைஞ்சிகினு கிளை வெட்டி வெச்சிருக்க. நான் மதிக்காம எடுத்துட்டேன்" என்று அவனே முடித்து வைத்தான். என் கையைப் பிடித்து, "என்ன மன்னிச்சிடு தொர" என்றான்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு தப்பு. வருஷம் ஏற ஏற அது வேறு ஏதோவாக ஆகிவிட்டது. வேலையை இழக்கப் பயந்துதான் பொய் சொன்னேன். பின்னால் அவனை இழக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான்.

2015 ஆகஸ்டு. இதற்குள் ரோடு அகலமாகிவிட்டது, வண்டிகளுக்கு வேகமும் கூடிவிட்டது. ஐயனாருக்கு ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருஷம் பாக்கி. காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"தொர, இங்க கல்லு கீது. ஒரு தபா வந்து பாரேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினி வருஷமாய்யா இப்பிடி உயிர வாங்குவ? கிளை கீதா? இல்லல்ல? எடுத்துக் கடாசிட்டுப் போயேன்!"

"கோச்சிக்காத தொர. நீ மெதுவாவே வா. நான் இங்கியே நிக்கறேன்."

மெதுவாகத்தான் போனேன். டீயை முடித்தேன், பேப்பரைப் புரட்டினேன், சட்டைப் பொத்தானைத் தேடினேன். அவனுக்கு ஒரு பாடம் புகட்டுகிறேனாம். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேன், கற்களுக்கு முன்னால் சிவப்புத் துணியோடு நின்றவனை அடித்துவிட்டது. கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கிளை இல்லை. லாரிக் கல்தான். அவனுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோன பிறகு நான்தான் அந்தக் கற்களை எடுத்து ஓரத்தில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்காக வெளியே காத்திருந்தோம். கனகம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். கண் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள். ஐயனாருடைய பையில் பழைய அட்டை ஒன்று இருந்ததாம். சம்மதம் என்றால் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கனகம் தலையை ஆட்டினாள். "வேணாம்மா. அந்த அட்டைய அவரு கிழிச்சிப் போடாம வெச்சிருந்தாரே தவிர, குடுக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. அது மோசம் பண்ண கண்ணாம். ஒரு புள்ள செத்ததுக்கு அந்தக் கண்ணுதான் காரணமாம். இன்னொருத்தருக்கு அது வேணாம்னாரு. அத்தயும் அவரோடயே எரிச்சிடுங்க."

அந்தப் பெண் எழுந்துகொண்டாள். நாலடி நடந்துகூடப் போய்விட்டாள்.

"கனகம்," என்றேன், "குடுத்துடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கிளை வெக்கல. மழையா இருந்துது, வெக்காம வூட்டுக்குப் பூட்டேன். வெச்சேன்னு பொய் சொன்னேன். அங்க கிளையே இல்ல கனகம். அவன் சரியாத்தான் பாத்தான்."

தாழ்வாரத்தில் யாரோ ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஆறு வருஷம்," என்றாள். "ஒரு நாளு சொல்லியிருக்கலாமே தொர அண்ணா. ஒரே ஒரு நாளு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, என்னைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் போனாள்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "யாருக்கு வெக்கிறீங்களோ அவங்ககிட்ட சொல்லிடும்மா. இது ஒரு தபா கூட தப்பா பாக்காத கண்ணுன்னு சொல்லிடு."